வயது போன பெற்றோருக்குப் பைனாகுலர்: 8×25, 8×32, 8×42, 10×50, இவற்றில் எது?

பெற்றோரைத் திருகோணமலைக்குக் கூட்டிவரும் பிள்ளைகளும், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ இங்குள்ள பெற்றோருக்குப் பரிசு அனுப்பும் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்: பாரமும் இருக்கக்கூடாது, விலையும் ஏறக்கூடாது, எந்தப் பைனாகுலரை எடுப்பது? அடுத்த கேள்வி அநேகமாக "10 மடங்கு போதுமா, 20 எடுக்கட்டா?" என்று வரும். (8×25 என்பதில் 8 மடங்கு, அதாவது எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது; 25 முன்வில்லையின் அகலம், மி.மீ.யில்.) அறுபத்தைந்து தாண்டியவருக்கு மடங்கு கடைசியாகப் பார்க்க வேண்டிய எண். அதற்கு முன் பார்க்க வேண்டியவை கண், கை, கழுத்து. அவற்றை முதலில் சொல்லிவிட்டு ஒவ்வொரு வகைக்கும் வருவோம்.

எங்கே நின்று எதைப் பார்ப்பார்கள்?

திருகோணமலையைச் சுற்றிப் பைனாகுலர் பயன்படும் இடங்கள் நான்கு வகை.

சுவாமி மலை: கோணேசர் கோயிலைச் சுற்றியுள்ள மதிலோரம் நின்று கடலைப் பார்ப்பது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை நீலத்திமிங்கிலம் நீர் பீய்ச்சுவது மேலிருந்தே தெரியக்கூடும். தூரம் கிலோமீற்றர் கணக்கில். ஆனால் சாய்ந்துகொள்ள மதில் இருக்கிறது, வெளிச்சத்துக்கும் குறைவில்லை.

படகு: உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலிருந்து திமிங்கிலம் பார்க்கப் போகும் பைபர் படகு. ஆட்டமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து வரும். இங்கே மடங்கு கூடக்கூடச் சங்கடம்.

குளமும் களப்பும்: பெரியகுளம், கிண்ணியாப் பக்கம், வடக்கே கொக்கிளாய். கொக்கு, நாரை, நீர்க்காகம், செம்பருந்து எல்லாம் ஐம்பது முதல் இருநூறு மீற்றருக்குள். காலை வெளிச்சம்.

யானை: கவுடுல்ல, மின்னேரியா. ஜீப் பின்னேரம்தான் போகும். நல்ல காட்சி கிடைக்கும் நேரம் வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம்.

பெற்றோர் இவற்றில் எதற்கு அதிகம் போவார்கள் என்று தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

எதை வைத்து எடைபோடுவது

*கண்ணாடி.* பெட்டியில் 'ஐ ரிலீஃப்' என்று மில்லிமீற்றரில் ஒரு எண் இருக்கும். கண்வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுக் காட்சி கிடைக்கும் என்பதற்கான அளவு அது. கண்ணாடி போட்டவருக்கு 15 மி.மீ.யாவது வேண்டும், 17 இருந்தால் நிம்மதி. 10, 11 என்று இருந்தால் சாவித்துவாரத்தால் பார்ப்பதுபோலச் சுற்றிவரக் கறுப்பாக இருக்கும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாமே என்பார்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் உள்ளவர் அப்படிப் பார்க்கலாம், போக்கஸ் சக்கரம் அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடும். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று ஒரு எண் இருந்தால் அதைச் சக்கரம் சரிக்கட்டாது. அது பெரிதாக இருப்பவர் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். வாசிப்புக் கண்ணாடி மட்டும் போடுபவருக்கு இந்தச் சிக்கலே இல்லை. இரட்டைக் கண்ணாடி (பைஃபோகல்) போடுபவர் மேல்பாதியால் பார்க்கப் பழக வேண்டும். இதில் நடைமுறைத் தொல்லை ஒன்றும் உண்டு: ஆடுகிற படகில் ஒரு கையில் பைனாகுலர், மறுகையில் கழற்றிய கண்ணாடி என்றால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. ஆகவே எப்போதும் கண்ணாடி போடுபவருக்கு, கண்ணாடியோடு பார்க்கக்கூடியதையே எடுங்கள்.

*ஒளிவட்டம்.* முன்வில்லையின் மி.மீ. அளவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் வரும். 8×32 என்றால் 4 மி.மீ., 10×25 என்றால் 2.5. இருட்டில் இளையவரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும். வயது போனால் 5 மி.மீ.யைத் தாண்டுவது அரிது. எனவே 7 மி.மீ. ஒளிவட்டமுள்ள பெரிய பைனாகுலரின் வெளிச்சத்தில் ஒரு பகுதி முதியவரின் கண்ணுக்குள் போவதே இல்லை. பாரம் மட்டும் மிச்சம். சின்ன ஒளிவட்டத்துக்கு வேறொரு குறை: கண்ணை மிகச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். தலையோ கையோ சற்று அசைந்தால் காட்சி கறுத்துவிடும். நடுப்பகலில்கூட 4 முதல் 5 மி.மீ. முதியவருக்குச் சுகமாக இருப்பது இதனால்தான்.

*கை நடுக்கம்.* 8 மடங்கு பைனாகுலர் காட்சியைப் போலவே நடுக்கத்தையும் 8 மடங்காக்கும். மூன்று கிலோமீற்றரில் உள்ள திமிங்கிலம் 8 மடங்கில் 375 மீற்றரில் நிற்பதுபோலத் தெரியும், 10 மடங்கில் 300 மீற்றரில் நிற்பதுபோல. அந்த 75 மீற்றருக்காக நடுக்கத்தைக் கால்பங்கு கூட்டிக்கொள்வது நட்டம். முதியவருக்கு 8தான் உச்சம். கை நன்றாக நடுங்கினால் 6, 7.

*பாரம்.* 500 கிராமுக்குக் கீழே என்றால் நாள் முழுக்கத் தூக்கலாம். 700ஐத் தாண்டினால் அரைமணியில் கழுத்து வலிக்கும், அடுத்த பயணத்தில் அது ஹோட்டல் அறையிலேயே கிடக்கும். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு 500ஏ அதிகம்.

*போக்கஸ் சக்கரம்.* வாத விரல்களுக்கு அகலமான, றப்பர் போட்ட, இலகுவாகச் சுழலும் சக்கரம் வேண்டும். சக்கரமே இல்லாமல் 'போக்கஸ் ஃப்ரீ' என்று விற்பதை முதியவருக்கு வாங்கவே கூடாது. அந்த வகையில் தூரம் மாறும்போது தெளிவாக்கும் வேலையைக் கருவி செய்வதில்லை, பார்ப்பவரின் கண்ணிலுள்ள வில்லைதான் வளைந்து கொடுக்கிறது. நாற்பதுக்குப் பிறகு அந்த வளைவு குறைந்து, அறுபதில் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. வெண்புரை அறுவைக்குப் பின் பொருத்தும் சாதாரண செயற்கை வில்லையும் வளையாது. பேரப்பிள்ளைக்குப் பளிச்சென்று தெரிவது தாத்தாவுக்கு மங்கலாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஒரே பார்வையில்

விலைகள் வெளிநாட்டுக் கடைகளில் நம்பக்கூடிய தயாரிப்புகளுக்கு ஏறத்தாழ உள்ளவை. இங்கே வரும்போது கப்பல் கூலியும் வரியும் சேரும்.

| வகை | பாரம் (கிராம்) | ஒளிவட்டம் (மி.மீ.) | விலை (டொலர்) | பொருத்தமான இடம் |
|---|---|---|---|---|
| 8×25 மடக்கு வகை | 250–350 | 3.1 | 60–100 | பகல், நடை, கோயில் |
| 8×30 / 8×32 | 430–550 | 3.8 / 4 | 90–160 | அநேகமாக எல்லாம் |
| 6×30 | 470 அளவில் | 5 | 100–130 | நடுங்கும் கை, படகு |
| 8×42 | 560–755 | 5.25 | 100–170 | பின்னேர யானை, ஜீப் |
| 7×50, 10×50 | 800–1000 | 7.1, 5 | 80–150 | வீட்டு விறாந்தை |
| ஒற்றைக்கண் 8×25 | 100–200 | 3.1 | 30–80 | ஒரு கண்ணில் மட்டும் பார்வை |
| நடுக்கம் அடக்கும் 10×30 | 600 | 3 | 450க்கு மேல் | நடுக்கம் அதிகம், பணமும் உண்டு |

8×25: சட்டைப் பைக்குள் போவது

மடக்கினால் உள்ளங்கையளவு. கைப்பையில் மருந்துப் பெட்டியோடு போட்டுக்கொண்டு போகலாம். சுவாமி மலையேற்றத்திலும் பாரம் தெரியாது. நல்ல வெயிலில் படம் தெளிவாகவே இருக்கும்.

குறை அந்த 3.1 மி.மீ. ஒளிவட்டத்தில் இருக்கிறது. இரண்டு பிணைப்பில் மடங்குவதால் ஒவ்வொரு முறையும் கண்ணகலத்துக்கு விரித்துச் சரிப்படுத்த வேண்டும். பொறுமையில்லாதவர் "ஒன்றும் தெரியவில்லை" என்று திருப்பித் தந்துவிடுவார். சக்கரமும் சின்னது. பின்னேரம் ஐந்தரைக்கு மேல் யானை கறுப்புத் திட்டாகிவிடும். கண்ணாடி போடுபவர் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். இந்த வகையில் பாதிக்கு மேல் 15 மி.மீ.யைத் தொடாது.

பாரமே தூக்கக் கூடாதவர், பயணத்தில் இடையிடையே மட்டும் எடுத்துப் பார்ப்பவர், கைவிரலில் குறையில்லாதவர் என்றால் இதுவே சரி. 10×25ஐ அதே விலைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதை எடுக்க வேண்டாம்.

பெண்டெக்ஸ் பப்பிலியோ 6.5×21 இந்த அளவில் தனி இனம். 290 கிராம், ஐ ரிலீஃப் 15 மி.மீ., அரை மீற்றரில் உள்ளதையும் தெளிவாகக் காட்டும். வண்ணத்துப்பூச்சி, பூ, கோயில் தூண் சிற்பம் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்லதில்லை. மடங்கு குறைவு என்பதால் நடுக்கமும் குறைவு. கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம், தண்ணீர் புகாத வகையல்ல.

8×30, 8×32: அநேகருக்கு இதுதான்

முதியவர்களுக்கு இதைத்தான் எடுக்கச் சொல்வேன் என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வகை இது. அரைக்கிலோ அளவில் பாரம், 4 மி.மீ. ஒளிவட்டம், ஒரு கையாலும் பிடிக்கக்கூடிய உடம்பு, விரலுக்கு அகப்படும் சக்கரம். களப்புப் பறவைக்கும் கடலுக்கும் போதும், யானைக்கு ஆறு மணி வரை தாக்குப்பிடிக்கும்.

குறை இல்லாமலில்லை. ஐ ரிலீஃப் மாடலுக்கு மாடல் மாறும். ஒன்று 13, மற்றது 16 என்று இருக்கும். '8×32' என்றே போட்ட இரண்டுக்குள்ளும் வித்தியாசம் வரும். பெட்டியைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். மலிவாக விற்கும் '8×32' என்ற பெயருள்ள சிலவற்றில் உள்ளே ஒளியை மறைக்கும் வளையம் இருக்கும். முன்வில்லை 32 இருந்தாலும் வேலை செய்வது அதைவிடக் குறைவு. அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே இருக்கிறது.

6×30: யாரும் கேட்காத, முதியவருக்கு ஏற்ற வகை

கடைக்காரர் காட்டவே மாட்டார், ஏனென்றால் '6' என்ற எண்ணுக்கு வாடிக்கையாளர் இல்லை. கோவா வைஎஃப் வரிசையில் 6×30 இருக்கிறது. பாரம் 470 கிராம் அளவில், கண்ணாடியோடு பார்க்கப் போதிய ஐ ரிலீஃப். ஒளிவட்டம் 5 மி.மீ. என்பதால் கண்ணில் வைத்தவுடன் படம் தெரியும், தேட வேண்டியதில்லை. காட்சியும் அகலம். நகர்கிற பறவையையும் திமிங்கிலத்தின் வாலையும் 10 மடங்கில் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதில் பார்த்து முடித்துவிடலாம்.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர், பைனாகுலரை முன்பு தொட்டே பார்க்காத அம்மம்மா, அதிகம் படகில் போகிறவர்: மூவருக்கும் இதையே முதலில் பாருங்கள். தூரத்துப் பறவையின் கால் வளையத்தை எண்ணுகிறவருக்கு இது போதாது.

8×42: பின்னேர வெளிச்சத்துக்கு

பறவை பார்ப்பவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு. யானை பார்க்க ஜீப்பில் போகும்போது பாரம் கழுத்தில் இல்லை, மடியில் இருக்கிறது. முன்னால் உள்ள கம்பியில் முழங்கையை ஊன்றலாம். அங்கே 8×42ஐ வெல்ல இந்த விலையில் வேறில்லை.

இதிலும் உள்ளே ஒளியைத் திருப்பும் பிறிசத்தை (கண்ணாடிக் கட்டை) வைத்து இரண்டு குலம் உண்டு. நேர்க்குழாய் வகை (கூரைப் பிறிசம்) ஒல்லியானது. உதாரணம் நிகோன் புரோஸ்டாஃப் 3எஸ் 8×42: 565 கிராம், ஐ ரிலீஃப் 20.2 மி.மீ. தோள் அகன்ற பழைய வடிவம் (போரோ பிறிசம்) மலிவு, படமும் நல்லது. ஆனால் நிகோன் அக்குலோன் 8×42 போன்றதில் பாரம் 755 கிராம், ஐ ரிலீஃப் 12 மி.மீ.தான். இரண்டும் ஒரே கம்பனி, ஒரே 8×42. கண்ணாடி போட்ட முதியவருக்கு ஒன்று மிக நல்லது, மற்றது வீண்காசு.

மலையேறி நடப்பவருக்கு 8×42 பாரம். சிறிய தோள்பட்டி போட்டால் சமாளிக்கலாம்.

7×50, 10×50

'கப்பல்காரர் பைனாகுலர்' என்று பெயர் இருப்பதால் துறைமுக ஊரில் இதற்கு மதிப்பு அதிகம். பரிசாக வருவதும் அதிகம். ஒரு கிலோவை நெருங்கும் பாரத்தை எழுபது வயதுக்காரர் இருபது விநாடிக்கு மேல் அசையாமல் பிடிப்பது கடினம். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் விறாந்தையில் முக்காலியில் பொருத்திக் கடலைப் பாருங்கள், அற்புதமாக இருக்கும். பயணத்துக்கென்று புதிதாக வாங்க வேண்டாம்.

ஒற்றைக்கண் நோக்கி

ஒரு கண்ணில் பார்வை மிகக் குறைந்தவருக்கு இரண்டு குழாய்க்குக் காசு கொடுப்பதில் பொருளில்லை. பாரமும் விலையும் பாதி. ஒரு கண் மட்டும் வெண்புரை அறுவை செய்து மற்றது காத்திருக்கும் நிலையிலும், இடைக்காலத்துக்கு இது போதும். மற்றவர்களுக்கு இரண்டு கண்ணால் பார்ப்பதே களைப்புக் குறைவு. ஒற்றைக்கண் நோக்கி கையில் இன்னும் அதிகமாக ஆடும்.

நடுக்கம் அடக்கும் வகை

கனன் 10×30 ஐஎஸ் போன்றவற்றில் பொத்தானை அழுத்தினால் படம் சட்டென்று நின்றுவிடும். நடுக்கம் உள்ளவருக்கு இது செய்யும் உதவிக்கு ஈடில்லை, மலிவு என்ற எல்லைக்குள் மட்டும் வராது. 600 கிராம், இரண்டு ஏஏ பற்றரி. பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து வாங்கிக் கொடுப்பதென்றால் யோசிக்கலாம். உப்புத்தண்ணீர் படும் படகில் எடுக்க வேண்டாம்.

சூம் வகை, '60×60', '180×100'

வேண்டாம். சூம் வகையில் காட்சி ஒடுங்கிக் குழாய்க்குள் பார்ப்பதுபோல இருக்கும், இரண்டு குழாயும் ஒரே அளவில் சூம் ஆகாமல் தலைவலி தரும். மற்றவற்றில் பெட்டியில் போட்ட எண் பொய். கையில் பிடித்துப் பார்க்கும் எந்தப் பைனாகுலரும் 60 மடங்கு கிடையாது.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

இந்த ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் இருக்கின்றன. தோலுறைக்குள் மூடி அலுமாரியில் வைத்தால் மழைக்காலத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துச் சிலந்திவலைபோலக் கோடுகள் விழும். பூஞ்சணம் பிடித்ததைச் சுத்தம் செய்யக் கொடுக்கும் கூலியில் புதிதே வாங்கலாம். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நைட்ரஜன் நிரப்பிய, தண்ணீர் புகாத வகைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது இங்கே வீண்செலவல்ல. ஏசி வானிலிருந்து இறங்கியதும் எந்தப் பைனாகுலரும் வெளியே பனிக்கும். அது பத்து நிமிடத்தில் போய்விடும். உள்ளே பனித்தால் நைட்ரஜன் இல்லை என்று பொருள், அதிலிருந்துதான் பூஞ்சணம் தொடங்கும்.

படகிலிருந்து வந்ததும் சேலை முந்தானையாலோ சாரத்து நுனியாலோ துடைக்கும் பழக்கம் வில்லையைக் கீறிவிடும். காய்ந்த உப்பு மணல்போல. தண்ணீர் புகாத வகையை நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். மற்றவற்றில் முதலில் ஊதி, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும்.

கூட வரும் மெல்லிய கழுத்துப்பட்டி கழுத்தை அறுக்கும். தோளிரண்டிலும் மாட்டும் பட்டிக்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள். பாசலில் அனுப்புகிறவர்கள் சுங்கவரியையும் கணக்கில் எடுத்து, நல்ல பஞ்சுப் பொதியில் வையுங்கள். விழுந்து அடிபட்டால் உள்ளே பிறிசம் சற்று விலகும். வெளியே கீறல்கூட இருக்காது, படம் மட்டும் இரண்டாகத் தெரியும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் கண்ணாடியும் கூட வர வேண்டும்.

ஒரு கை நீளத்தில் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிக் கண்வில்லையைப் பாருங்கள். தெரியும் ஒளிப்புள்ளி சுத்த வட்டமாக இருக்க வேண்டும். சதுரமாக ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் மலிவுப் பிறிசம். அளவுகோலை வைத்து வட்டத்தை அளக்கவும் செய்யலாம்: 8×32இல் 4 மி.மீ. வரவில்லையென்றால் உள்ளே மறைப்பு வளையம் இருக்கிறது.

முன்வில்லையில் பிரதிபலிப்பு மெல்லிய பச்சையோ ஊதாவோ இருந்தால் ஒளி தெறிப்பதைக் குறைக்கும் பூச்சு உண்டு. வெள்ளையாக ரியூப்லைட் அப்படியே தெரிந்தால் பூச்சு இல்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு என்றால் வெறும் அழகுக்காகப் பூசியது, படம் நிறம் மாறும்.

கண்வில்லையைச் சுற்றியுள்ள றப்பர்க் கிண்ணத்தைக் கீழே இறக்கி, கண்ணாடியோடு பார்க்கச் சொல்லுங்கள். காட்சியின் வட்ட ஓரம் கூராகத் தெரிகிறதா? தெரியாவிட்டால் வைத்துவிடுங்கள், பெயர் என்னவாக இருந்தாலும்.

முழுக்க மடக்கியபோது இரண்டு கண்வில்லையும் கண்ணகலத்துக்கு நெருங்குகிறதா பாருங்கள். முகம் சிறிய பெண்களுக்குச் சில மாடல்கள் நெருங்கிவராது. பெட்டியில் அந்த ஆகக் குறைந்த இடைவெளி 56 மி.மீ. அல்லது குறைவாகப் போட்டிருந்தால் நல்லது.

கடைக்கு வெளியே மின்கம்பி ஒன்றை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லி, பின் கண்ணிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கண் இழுபடுவதுபோல இருந்தால் குழாய்கள் நேரில்லை. அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.

வாங்கிய பிறகு

நின்றுகொண்டு பார்ப்பதைவிட இருந்து பார்ப்பது நல்லது. முழங்கையை மதிலிலோ ஜீப் கம்பியிலோ ஊன்றட்டும். கதிரையில் இருக்கும்போது கைத்தடியை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, அதன் பிடியில் முட்டியை வைத்துப் பைனாகுலரைத் தாங்கினால் நடுக்கம் பாதியாகும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தில் கடற்படைத் தளம் இருக்கிறது; அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சூரியனை நோக்கி ஒருபோதும் கூடாது.

கடைசியாக, பலர் செய்யாமல் விட்டுவிடும் ஒரு வேலை. வலது கண்வில்லையில் (சிலவற்றில் நடுச் சக்கரத்தோடு) தனியாக ஒரு வளையம் இருக்கும். இரண்டு கண்ணின் பவர் வித்தியாசத்தைச் சரிக்கட்ட அது. வலது முன்வில்லையைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைச் சுழற்றி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு சக்கரத்தைத் தொடாமல், இடதை மூடி, அந்த வளையத்தை மட்டும் சுழற்றி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இது ஒருமுறை செய்தால் போதும், அதன்பின் சக்கரம் மட்டுமே. ஒரு கண் அறுவை செய்தவருக்கு வளையம் வெகுதூரம் போகும். எட்டாவிட்டால் கண்ணாடியோடு பார்க்கட்டும். வளையம் நின்ற இடத்தில் நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அப்பாவும் அம்மாவும் ஒன்றையே மாறிமாறிப் பார்ப்பதென்றால் இரண்டு நிறத்தில் இரண்டு புள்ளி.